புளியங்குளத்தில் இறங்கியவர்

மாகாண அணிக்காக நான் கடைசியாக ஆடியபோது எனக்கு இருபத்தாறு வயது. நீர்ப்பாசன இலாகா ஓவசியராகக் கனகராயன்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்திரண்டு. இடைப்பட்ட ஆறு வருடங்களில் அந்த அணியில் இருந்த ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

எங்களை ஒன்று சேர்த்தவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்தில், பெரிய பதவியில் இருந்த ஒரு மனிதர். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், ஆனால் ஆட வராது. கந்தோர் கந்தோராக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடிப் பதினொரு பேரைப் பிடித்தார். நான் விக்கெட் கீப்பர். நான்கு வருடங்கள் ரயிலேறி மற்ற மாகாணங்களுக்குப் போய் ஆடினோம். பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. அடுத்து வந்தவருக்கு டென்னிஸ்தான் பிடிக்கும். அணியை யாரும் கலைக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆடுகளத்தில் விரிக்கும் தும்புப் பாய் கச்சேரிக் களஞ்சியத்தில் கறையான் தின்று முடிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கனகராயன்குளத்தில் எனக்குத் தந்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறையும் ஒரு குசினியும் இருந்தன. எனக்குக் கலியாணம் ஆகவில்லை. பேசி வந்த இரண்டு இடமும், வேலை வன்னிக் காட்டுக்குள் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டன. பகலில் வாய்க்கால் வெட்டுபவர்களோடு கதை இருக்கும். ஐந்து மணிக்குப் பிறகு என் குரலை நானே கேட்பது அரிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொலனியில் குடியேறிய குடும்பங்கள் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, இருட்ட முன்னம் கதவைச் சாத்திவிடுவார்கள். சில நாட்களில் சோற்றுப் பானையோடு பேசியிருக்கிறேன், "இன்னும் வேகேல்லையோ?" என்று.

ஒருநாள் அந்தப் பகுதியின் வருவாய் அதிகாரியான டி.ஆர்.ஓ. வாய்க்கால் பார்க்க வந்தவர், தண்ணீர் குடிக்க என் வீட்டுக்குள் நுழைந்தார். ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த மட்டையைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன காணும், நீர் கிரிக்கெட் விளையாடுவீரோ?"

"மாகாணத்துக்கு விளையாடினனான், சேர்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். யாராவது கேட்டு எவ்வளவு காலம்! எங்கள் வேகப் பந்துவீச்சாளரின் பந்தைப் பிடித்து என் சின்ன விரல் வளைந்துபோனதைக் காட்டினேன். அந்தப் பதினொரு பேரும் இன்றைக்கும் அண்ணன் தம்பி மாதிரி என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் அவர். "ஆவணியிலை வவுனியாக் கச்சேரிப் பொடியள் ஒரு மட்ச் வைக்கக் கேக்கிறாங்கள். உம்மட பழைய ரீமைக் கூப்பிடுமன். கொலனிச் சனத்துக்கும் ஒரு கொண்டாட்டமா இருக்கும்."

ஓம் என்றுவிட்டேன்.

மைதானத்துக்கு இடம் இருந்தது. குளக்கட்டைத் திருத்துவதற்காக மண் அள்ளிய ஒரு வெளி, புல்டோசர் ஓடி ஓடி மட்டமாகிக் கிடந்தது. நிலம் அளக்கும் என் சங்கிலியின் நீளமும் இரண்டு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரமும் ஒன்றேதான். சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பிடித்ததும் ஆடுகளம் பிறந்துவிட்டது. தும்புப் பாய்க்குப் பதில் புற்று மண்ணைக் குழைத்துப் போட்டு, ஒரு கிழமை தண்ணீர் ஊற்றி உருளை உருட்டினோம்.

பத்துப் பேருக்கும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒன்றை எழுதி, அதையே பார்த்துப் பார்த்து மற்றவற்றை எழுதினேன். ஒன்பது முடிந்தது. பத்தாவதில் பேனை நின்றுவிட்டது. அது எங்கள் தொடக்க ஆட்டக்காரருக்கு.

நாங்கள் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவர் காலையிலிருந்து தனியாக நின்று அணியைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் எட்டாவதாகப் போய் அவரோடு சேர்ந்தேன். அன்றைக்கு எனக்கும் எல்லாப் பந்தும் மட்டையின் நடுவில்தான் பட்டது. முப்பத்தொன்பது எடுத்திருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு எடுத்ததில்லை. ஒரு பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடினேன். அவர் அசையவில்லை. நான் அவருடைய முனைவரை ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் என் விக்கெட்டைத் தட்டிவிட்டார்கள். அடுத்த ஓவரிலேயே அவரும் தொண்ணூற்று நான்கில் ஆட்டமிழந்து, தலையைக் குனிந்தபடி கூடாரத்துக்குள் வந்தார்.

அவருடைய தகப்பனார் ஒரு பள்ளிக்கூடத்தில் வாச்சர். எங்களில் ஐந்தாறு பேர் படித்த பள்ளிக்கூடம் அது. வாசலில் நிற்கும் அந்த மனிதரைத் தாண்டித்தான் நாங்கள் உள்ளே போவோம். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

"வாச்சற்றை மோன் எண்டால் வாசலை விட்டு அசைவானே?"

கூடாரம் முழுவதும் சிரித்தது. கப்டன் சிரித்தார். பந்து பொறுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் கால் கவசங்களைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக வைத்துவிட்டு, வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார். அதற்குப் பிறகு எங்களை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தபாற்கந்தோர் எல்லா ஊரிலும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்தாவது கடிதத்தில் ஒரு வரி கூடச் சேர்க்கலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். கடைசியில் மற்றவர்களுக்கு எழுதியதையே எழுதி ஒட்டினேன்.

பதில்கள் வரத் தொடங்கின. கப்டன் கந்தோரில் யாரையோ கொண்டு தட்டச்சு அடிப்பித்து, வேலைப்பளு என்று தெரிவித்திருந்தார். மட்டக்களப்பில் இருந்தவர் முழங்கால் வருத்தம் என்று எழுதினார். நான்கு பேர் கட்டாயம் வருவதாக எழுதினார்கள். அந்த நான்கு கடிதங்களையும் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

முல்லைத்தீவிலிருந்து ஒன்று வந்தது. எங்கள் வேகப் பந்துவீச்சாளர் அந்தக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய எழுத்து எனக்குத் தெரியும், இது வேறு எழுத்து. அவருடைய மனைவி எழுதியிருந்தா. அவர் காய்ச்சல் கண்டு இறந்து ஒன்றரை வருடமாகிவிட்டதாம். "தகப்பன் மாகாணத்துக்கு விளையாடியவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அவர்கள் நம்புவதில்லை. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்" என்று முடித்திருந்தா.

அன்றைக்கு நான் வாய்க்காலுக்குப் போகவில்லை. வளைந்த விரலை டி.ஆர்.ஓ.வுக்குக் காட்டிப் பெருமையடித்தபோது, அதை வளைத்த மனிதர் மண்ணுக்குள் கிடந்திருக்கிறார். ஒன்றரை வருடமாக நான் அவரை உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வந்து சொல்ல, அந்த அணியில் யாருக்கும் யாரும் இருக்கவில்லை.

மற்ற இருவரிடமிருந்தும் பதிலில்லை. தொடக்க ஆட்டக்காரரிடமிருந்தும் இல்லை.

போட்டி சனிக்கிழமை. விடியற்காலையிலேயே இலாகா டிராக்டரின் பெட்டியில் பலகைகள் அடுக்கி, பாய் விரித்து, புளியங்குளம் ஸ்டேஷனுக்குப் போனோம். கொலனியில் ஒரு வீட்டில், வருபவர்களுக்கென்று பெரிய கிடாரத்தில் சமையல் தொடங்கியிருந்தார்கள். வராதவர்களுக்குப் பதில் நிற்க, கொலனியில் வொலிபோல் ஆடும் இளைஞர்கள் ஆறு பேரைச் சொல்லி வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வரும் ரயில் முதலில் வந்தது. மூன்று பேர் அதில் வருவதாக எழுதியிருந்தார்கள். ஒரு கிழவி ஆட்டுக்குட்டியோடு இறங்கினா. வேறு யாருமில்லை. ரயில் போனபிறகும் அது நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொழும்பிலிருந்து வரும் ரயில் முக்கால் மணி நேரம் தாமதம். அது வந்து நின்று, புறப்படவும் அசைந்துவிட்டது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒருவர் துணிப்பை ஒன்றைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். மெலிந்து, முன் தலைமயிர் உதிர்ந்திருந்தது. பையின் வாயில் மட்டையின் பிடி தெரிந்தது.

தொடக்க ஆட்டக்காரர்.

டிராக்டர்காரர் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்: "மிச்ச ஆக்கள் மற்றப் பெட்டியிலையோ ஐயா?"

"இல்லை," என்றேன். "இவ்வளவுதான்."

ஐந்தாறு பேருக்கு விரித்த பாயில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆவணிச் சோளகக் காற்று செம்புழுதியை அள்ளி முகத்தில் எறிந்தது. வழியில் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"எல்லாருக்கும் எழுதினீரோ?"

"ஓம். பத்துப் பேருக்கும்."

"ஒரே கடிதமோ?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"ஒரே கடிதம்தான்."

அவர் தலையாட்டினார். "'அன்புள்ள நண்பருக்கு' எண்டு போட்டிருந்தது. அதுதான் கேட்டனான்." முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்தார். "பரவாயில்லை. எனக்கு ஆறு வருசத்திலை ரீமிலையிருந்து வந்த முதல் கடிதம் அது."

தெற்கே ஒரு ரயில் சந்தி ஊரில் தபாற்கந்தோரில் வேலை செய்வதாகச் சொன்னார். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். அவர் ஒரு கடைக்கு மேல் வாடகை அறையில். தபாற்கந்தோர் வேலையில் நிலைக்க எழுத வேண்டிய சிங்களப் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டார். "வாயாலை கதைப்பன். எழுதத்தான் வருகுதில்லை. இந்த முறையும் விட்டால் வீட்டை போகச் சொல்லுவாங்கள்." புலம்பலாகச் சொல்லவில்லை. யாரோ மூன்றாம் மனிதரின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மைதானத்தில் சனம் கூடியிருந்தது. மாகாண அணி வருகிறது என்று இரண்டு கிழமையாகப் பறை சாற்றியவன் நான். இறங்கியது இரண்டு பேர் என்றதும் டிராக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஆறு பேர் ஒன்பது பேராக வேண்டியிருந்தது. வொலிபோல் இளைஞர்கள் இன்னும் மூவரைக் கூட்டிவந்தார்கள். டி.ஆர்.ஓ. தன் கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார். அண்ணன் தம்பி என்று நான் சொன்னது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

முதலில் நாங்கள் மட்டை பிடித்தோம். நான் நான்காவது பந்திலேயே போய்விட்டேன். மருத மர நிழலில் உட்கார்ந்து, அவரைப் பார்த்தேன். ஆறு வருடம் மட்டையைத் தொடாதவர் என்று சொல்ல முடியாது. பந்து வரும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் மட்டையைத் திருப்பி, இடைவெளி பார்த்து அனுப்பினார். ஒவ்வொரு இளைஞன் உள்ளே வரும்போதும் நடுவில் போய்ச் சந்தித்தார்.

"தம்பி, ஓடேக்கை பந்தைப் பாராதை, என்னைப் பார். நான் வா எண்டால் வா. நில் எண்டால் நில்."

அவர்கள் வந்தார்கள், நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். சனத்துக்கு எப்போது கைதட்டுவதென்று தெரியவில்லை. பந்து வாய்க்காலுக்குள் விழுந்தபோதெல்லாம் தட்டினார்கள். அவர் ஐம்பத்திரண்டு எடுத்தபோது யாரும் தட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன். தனி ஒருவன் கைதட்டும் சத்தம் அந்த வெளியில் எவ்வளவு சின்னதாக இருந்தது! அவர் மட்டையைக் கொஞ்சம் உயர்த்தினார். அது எனக்கா, பழக்கத்தாலா என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கிடாரத்தைத் திறந்தார்கள். குளத்து மீன் குழம்பும் சோறும். ஒரு கிடாரம் நிறையச் சமைத்ததை இரண்டு பேர் சாப்பிட முடியாது. இளைஞர்களும் கச்சேரிக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் கை கழுவ வாய்க்காலுக்குப் போனபோது நானும் பின்னால் போனேன்.

"அண்டைக்குக் கூடாரத்துக்குள்ளை நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

அவர் குனிந்தபடியே கையை அலசிக்கொண்டிருந்தார்.

"அப்பா போன மாசிக்குச் செத்துப்போனார்," என்றார். "சாகும்வரைக்கும் அந்த மட்சைப் பற்றித்தான் கதை. பள்ளிக்கூட வாசலிலை நிண்டு போறவாற எல்லாருக்கும் சொன்னவராம், மோன் நூறு அடிச்சவன் எண்டு. நான்தான் அவருக்கு நூறு எண்டு சொல்லி வைச்சனான். தொண்ணூற்று நாலு எண்டு சொல்ல மனம் வரேல்லை."

நானும் பக்கத்தில் குந்தி, தண்ணீருக்குள் கையை விட்டேன்.

"நீர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை," என்றார்.

"என்னிலைதான் பிழை."

"நான் ஓடாதது பிழை. நூறைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான், உம்மைப் பற்றி யோசிக்கேல்லை. நீர் சொன்னதும் பிழை." நிமிர்ந்து சட்டையின் நுனியில் கையைத் துடைத்தார். "ஒண்டுக்கு ஒண்டு சரி எண்டு கழிக்கேலாது. ரெண்டும் ரெண்டாயே கிடக்கட்டும்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை. ஆனால் திரும்பி நடக்கும்போது, வழியில் கிடந்த முட்கம்பியை மிதித்துக்கொண்டு நின்று, நான் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

பின்னேரம் பந்து வீசும் முறை எங்களுக்கு. இளைஞர்கள் பந்தை எறிந்தார்களே தவிர, வீசத் தெரியவில்லை. எனவே ஒரு முனையிலிருந்து அவரும் மறு முனையிலிருந்து நானும் மாறி மாறி வீசினோம். கீப்பராகவே காலம் கழித்த எனக்கு ஆறாவது ஓவரில் தோள் கழன்றுவிட்டது. கச்சேரி அணி நிதானமாக ஆடி வென்றது. டி.ஆர்.ஓ. வென்றவர்களுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த மாலைகளில் இரண்டை எங்கள் கழுத்தில் போட்டு, மிச்ச ஒன்பதை வொலிபோல் இளைஞர்களுக்குப் போட்டார்கள். அவர்கள் அதோடு ஊர்வலம் போனார்கள்.

தொடக்க ஆட்டக்காரர் அன்று என் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ரயிலுக்குப் போனார். "எழுதும்," என்றார். நான் எழுதுவதாகச் சொன்னேன். இரண்டு தரம் எழுதினேன், அவரும் இரண்டு தரம் எழுதினார். பரீட்சையில் தேறிவிட்டதாக ஒன்றில் இருந்தது. பிறகு மாரி வந்து குளக்கட்டில் ஒரு கசிவு கண்டு, இரவு பகலாக அங்கேயே கிடந்தேன். கடிதம் நின்றுவிட்டது.

அடுத்த ஆவணி. டி.ஆர்.ஓ. மாற்றலாகிப் போயிருந்தார். கச்சேரிக்காரர் வேறெங்கோ ஆடப் போனார்கள். மண் அள்ளிய வெளியைப் பங்கு பிரித்து யாருக்கோ கொடுத்தாகிவிட்டது, வேலியும் போட்டுவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை நான் வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் தரிப்பிலிருந்து வரும் பாதையில் ஒருவர் நடந்துவந்தார். கையில் அதே துணிப்பை.

"இந்த முறை மட்ச் இல்லையோ?" என்றார்.

"இல்லை. நான் எழுதேல்லையே."

"ஓம், நீர் எழுதேல்லை. ஒருவேளை கடிதம் தவறிப் போச்சோ எண்டு நினைச்சன்." சிரித்தார். "தபாற்கந்தோரிலை இருக்கிறவனுக்கு உப்பிடித்தான் யோசினை போகும்."

தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். சோறு காய்ச்சினேன். அவர் தேங்காய் துருவித் தந்தார். பேச எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆடிய ஆட்டங்களை எல்லாம் போன வருடமே பேசி முடித்திருந்தோம். பின்னேரம் குளக்கட்டில் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றி, நடுவில் கொக்குகள் நின்றன. நான் மதகைக் காட்டி அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார், தனக்கு அதில் ஒரு பரீட்சை இருப்பதுபோல. பஸ்ஸுக்கு நேரமானதும் எழும்பினார்.

"உமக்கு இஞ்சை தனிய இருக்கப் பழகிப்போச்சு, என்ன?" என்றார்.

"பழகிப்போச்சு," என்றேன்.

"எனக்கு இன்னும் பழகேல்லை."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்த வருடமே எனக்கு முல்லைத்தீவுப் பக்கம் மாற்றல் வந்தது. களப்பு உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் அணை கட்டும் வேலை. போன கையோடு புது விலாசத்தை ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். அவருக்கு எழுதும்போது இந்த முறை பெயரைச் சொல்லி அழைத்து எழுதினேன். ஒரு பக்கத்தில் பதில் வந்தது. மூத்த பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டானாம். ஊருக்குப் போய்வர லீவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறதாம். கடைசி வரியில், "அங்கே மைதானம் ஏதும் உண்டோ?" என்று கேட்டிருந்தார்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் கால் புதையும் மணல், பந்து எழும்பக்கூடிய தரை நாலு முழம் கிடையாது என்று. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன திருப்தியோடு அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

அதற்கு அவர் பதில் எழுதவில்லை. வேலை அதிகமாக்கும் என்று விட்டுவிட்டேன். அவர் வரலாமா என்றுதான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்க இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. விளங்கிய அன்று, "மைதானம் இல்லாவிட்டால் என்ன, வாரும்" என்று எழுதினேன். பெறுநர் இங்கில்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. குறிப்பைச் சிங்களத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததால், அணை வேலைக்கு வந்திருந்த ஒரு லொறிச் சாரதியிடம் கொடுத்து வாசிப்பித்துத்தான் தெரிந்துகொண்டேன்.